முகத்தைப் பார்த்து வரையச் சொல்லிக்கொடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஓவிய ஆசிரியர்கள், வீட்டு மாடியில் வகுப்பு நடத்துகிறவர்கள், கோடை முகாமில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். எதிரில் ஓர் ஆளை உட்காரவைத்து, அவர் முகத்தைப் பார்த்து, உள்ளபடி வரைவதைப் பற்றி மட்டும்தான் பேச்சு. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

1. கைத்திறமை இல்லாத பையனுக்குப் போர்ட்ரெய்ட் சொல்லித் தர முடியுமா சார்? அது பிறவியிலேயே வரணும்ங்கிறாங்களே?

தன் பெயரைத் தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, முகம் வரையத் தேவையான கைக்கட்டுப்பாடு ஏற்கனவே வந்துவிட்டது. சிக்கல் கையில் இல்லை. கண் என்றால் மீன் வடிவத்தில் ஒரு கோடு, நடுவில் ஒரு வட்டம். மூக்கு என்றால் இரண்டு புள்ளி. இப்படிச் சில குறிகளைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். அப்புறம் எதிரில் யார் உட்கார்ந்தாலும் கை அந்த மனப்பாடத்தைத்தான் ஒப்பிக்கிறது.

சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மெதுவாக வரும். அந்த வித்தியாசம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் சொல்லித்தர வேண்டியது ஒப்பிடும் பழக்கத்தை: இது அதைவிடப் பெரிதா, இது அதற்கு நேர் கீழே வருகிறதா, இந்தக் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது. இதை யாருக்கும் பழக்கிவிடலாம்.

2. எந்த வயசுல ஆரம்பிக்கலாம்? என் பொண்ணுக்கு ஆறு வயசுதான் ஆகுது.

ஆறு வயதில் வேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்து வயது வாக்கில் “நான் வரைஞ்சது அவங்க மாதிரியே இல்லையே” என்ற குறை தானாக வரும். அதுதான் சரியான நேரம். அதற்கு முன்னால் அளவு, விகிதம் என்று பிடித்து உட்காரவைத்தால் வரைவதையே விட்டுவிடுவார்கள். ஆறு வயதுப் பெண்ணுக்கு நிறைய தாளும் கலர் பென்சிலும் கொடுத்துவிட்டுத் தள்ளி இருங்கள்.

3. என்னென்ன வாங்கணும்? கடையில பெரிய லிஸ்டே தர்றாங்க.

எச்பி, 2பி, 6பி என்று மூன்று பென்சில், கார்ட்ரிட்ஜ் தாள் (படம் வரைகிற தடித்த தாள்), தாளைக் கிளிப் போட்டுப் பிடிக்க ஒரு பலகை, ஒரு ரப்பர். கரித்துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. சுலபமாகத் துடைக்கலாம் என்பதால், பிள்ளைகள் தப்பாகப் போட்ட கோட்டைக் கட்டிக்கொண்டு அழ மாட்டார்கள்.

கடைக்காரர் தராத மூன்று சாமான்கள்தான் முக்கியம். அளந்து பார்க்க நேரான ஒரு ஈர்க்குச்சி, அல்லது பழைய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. நூலில் ஒரு நட்டோ சாவியோ கட்டிய தூக்குக்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே வேலைக்குத்தான். ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி. பென்சில் கோட்டைத் தேய்க்கிற காகிதச் சுருளான பேப்பர் ஸ்டம்ப் மட்டும் முதல் வருடத்தில் வேண்டாம். அது கையில் இருந்தால் தப்பான முகத்தையும் வழவழவென்று தேய்த்து அழகாக்கிவிடலாம். தப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

4. என் வகுப்புல எல்லார் படத்துலயும் தலை நீளமா வருது. ஒருத்தர் ரெண்டு பேர்னா பரவால்ல, எல்லாருக்குமே எப்படி?

தரையில் உட்கார்ந்து, அட்டையை மடியில் படுக்கவைத்து வரைகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம். படுத்திருக்கும் தாளின் மேல்பகுதி கண்ணிலிருந்து தள்ளி, சாய்வாக இருப்பதால் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தானாகவே நீட்டி வரையும். முடித்துத் தாளை நிமிர்த்திப் பார்த்தால் எல்லா முகமும் சுரைக்காய் போல நீண்டிருக்கும். பலகையை நிறுத்தும் ஸ்டாண்டு (ஈசல்) இல்லையா, பரவாயில்லை. ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் பலகையைச் சாய்த்தால் போதும். பார்வைக்கோட்டுக்குப் பலகை நேர்குத்தாக நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

மாடலின் கண்மட்டமும் மாணவர்களின் கண்மட்டமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது நல்லது. பிள்ளைகள் தரையிலும் மாடல் நாற்காலியிலும் இருந்தால் எல்லாருக்கும் மோவாயின் அடிப்பக்கம் தெரியும். அது முதல் பாடத்துக்குக் கடினம். இடைவெளி ஐந்தாறு அடி இருக்கட்டும். மாடலை ஒரேயடியாகத் திரும்பிப் பார்க்காமல், கண்ணை மட்டும் அசைத்தால் தாளும் முகமும் மாறி மாறித் தெரிகிற மாதிரி பலகையை வைக்கச் சொல்லுங்கள்.

5. எல்லாரும் கண்ணைத்தான் முதல்ல வரையறாங்க. தடுக்கணுமா, விட்டுடலாமா?

தடுக்க வேண்டும். கண்ணை இமைமயிர் வரைக்கும் முடித்துவிட்டு, அப்புறம் தலையை அதைச் சுற்றிக் கட்ட முயல்வதால்தான் முக்கால்வாசிப் படங்கள் கெட்டுப்போகின்றன. அழகாக வந்துவிட்ட கண்ணை, அது தப்பான இடத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகும், அழிக்க யாருக்கும் மனசு வராது.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் உச்சந்தலைக்கு ஒரு கோடு, மோவாய்க்கு ஒரு கோடு, இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு கோடு. தலை இந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அடுத்து தலை, கழுத்து, தோள் மூன்றுக்கும் வெளிவடிவம், முழுக்க நேர்கோடுகளால். வளைவு கூடாது. நேர்கோட்டின் சாய்வை மாடலோடு ஒப்பிட்டுவிடலாம். வளைவை ஒப்பிடுவது கஷ்டம். 1860களில் பாரிஸில் சார்ல் பார்க் என்ற ஓவியர் மாணவர்களுக்காகத் தயாரித்த மாதிரிப் படங்களிலும் இதே முறைதான்: பக்கத்தில் நேர்கோடுகளால் ஒரு எளிய வரைவு, அதற்கு அடுத்து முடித்த படம். மூன்றாவதாக நடுக்கோடும் புருவம், மூக்கடி, வாய் ஆகியவற்றின் மட்டங்களும். நான்காவதாகக் கண்குழி, மூக்கின் அடி, உதட்டுக்குக் கீழே விழும் நிழல் போன்ற பெரிய நிழல் வடிவங்கள். கண்ணிமையும் உதட்டுக்கோடும் அதற்குப் பிறகுதான்.

இதில் பிள்ளைகளுக்குப் பொறுமை போகும், சலிப்பார்கள். அதனால் முதல் சில வகுப்புகளில் “இன்று கண், மூக்கு, வாய் எதுவும் கிடையாது, பெரிய வடிவம் மட்டும்” என்று சொல்லி, பத்து நிமிடத்துக்கு ஒரு தாள் என்று வரையவையுங்கள். கண்ணே வரையாத அந்தத் தாளைப் பார்த்து “இது கார்த்தி” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த நிமிடத்தில் அவர்களுக்குப் புரிவது நீங்கள் ஒரு மணி நேரம் பேசினாலும் புரியாது.

6. பென்சிலை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கிட்டு அளக்கறாங்களே, நிஜமா என்னத்த அளக்கறாங்க?

விகிதத்தை. கையை முழுசாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, குச்சியின் நுனியைப் புருவ மட்டத்திலும் கட்டைவிரலை மோவாயிலும் வைக்கிறோம். அதே அளவைத் திருப்பி முகத்தின் குறுக்கே வைத்தால், அகலம் அதற்குச் சமமா, கூடவா, குறைவா என்று தெரிந்துவிடும். தாளிலும் அதே விகிதம் வர வேண்டும். அளவு எவ்வளவு என்பது நம் இஷ்டம்.

பிள்ளைகள் செய்யும் வழக்கமான தப்பு, குச்சியில் பிடித்த நீளத்தை அப்படியே தாளில் வைப்பது. ஆறடி தள்ளி இருக்கும் ஒன்பது அங்குலத் தலை, இரண்டடி நீட்டிய கையில் மூன்று அங்குலமாகத்தான் தெரியும். தாளில் முகம் குட்டியாகி, விவரம் வரைய இடமே இருக்காது. இன்னொரு தப்பு, ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்தும் அடுத்த முறை முன்னால் சாய்ந்தும் அளப்பது. அரையடி முன்னால் வந்தாலே அந்த மூன்று அங்குலம் மூன்றேகால் அங்குலத்தைத் தாண்டிவிடும். இரண்டு முறை அளந்து இரண்டு விடை வந்தால் முகத்தைக் குறை சொல்லாமல் முழங்கையையும் முதுகையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நீளத்தைவிடச் சாய்வும் செங்குத்தும்தான் எனக்கு அதிகம் உதவுகின்றன. குச்சியைத் தாடைக் கோட்டோடு ஒட்டிப் பிடித்து, அது கடிகாரத்தில் எத்தனை மணி முள் போல நிற்கிறது என்று பார்த்துவிட்டு, கை திரும்பாமல் தாளுக்குக் கொண்டுவரலாம். தூக்குக்குண்டு நூலைக் கண்ணின் உள்முனையில் பிடித்தால், அது மூக்கு மடலைத் தொடுகிறதா, வாயின் ஓரத்துக்கு எவ்வளவு உள்ளே விழுகிறது என்று பளிச்சென்று தெரியும். கண்மதிப்பில் ஒரு குறி போடுவது, பிறகு குச்சியால் சோதிப்பது என்ற வரிசை மாறக் கூடாது. முதலிலேயே அளந்தால் கண் சோம்பேறியாகிவிடும்.

7. கண்ணு தலைக்கு நடுவுல இருக்குன்னு சொன்னா யாருமே நம்ப மாட்டேங்கறாங்க.

எல்லாருமே கண்ணை மேலே ஏற்றித்தான் வைப்பார்கள். கண்ணும் வாயும் நம் கவனத்தை இழுக்கின்றன. நெற்றியும் தலைமுடியும் வெற்றிடமாகத் தோன்றுவதால் அவற்றுக்கு இடமே ஒதுக்குவதில்லை. நேராகப் பார்க்கும் பெரியவர்களின் முகத்தில் கண்கள் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நடுக்கோட்டுக்கும் கீழே. கொண்டை, சுருட்டைமுடி எல்லாம் இருந்தால் முடியின் உயரத்தைக் கழித்து மண்டையை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நம்பவைக்க ஒரு சுலபமான வழி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நிலைக்கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் வெளிக்கோட்டைக் கண்ணாடி மேலேயே ஸ்கெட்ச் பேனாவால் வரையச் சொல்லுங்கள். கண் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. பிறகு ஸ்கேல் வைத்துப் பார்க்கட்டும். கூடவே இன்னொரு ஆச்சரியமும் காத்திருக்கும்: கண்ணாடியில் விழுந்த வெளிக்கோடு நிஜ முகத்தில் பாதி அளவுதான் இருக்கும், எத்தனை அடி தள்ளி நின்று வரைந்தாலும். தன் முகத்தின் அளவையே இவ்வளவு நாள் தப்பாக நினைத்திருந்தோம் என்று தெரிந்த பிள்ளை, அப்புறம் அளந்து பார்க்க முரண்டு பிடிக்காது.

8. சிற்ப சாஸ்திரத்துல எல்லா அளவும் இருக்கே, அதையே மனப்பாடம் பண்ணவெச்சா போதாதா?

தாளமானம் பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்து, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பிரித்து, உருவம் முழுவதையும் அதன் மடங்காகக் கட்டுகிறார்கள். நெற்றி, மூக்கு, அதற்குக் கீழே மோவாய் வரை என்று முகத்தை மூன்று சம பங்காக்கும் முறையும் அதில் வருகிறது. மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் இன்றும் இதைக் கற்றுத்தருகிறார்கள். ஆனால் அந்த அளவுகள் யாருடைய சாயலும் இல்லாத தெய்வ உருவத்துக்கானவை. தெருமுனைக் கடைக்காரரின் முகத்துக்காக யாரும் அவற்றை எழுதவில்லை.

மேல்நாட்டுப் புத்தகங்களில் வரும் “முகத்தின் அகலம் ஐந்து கண்”, “இரண்டு கண்ணுக்கு நடுவில் ஒரு கண்” போன்றவையும் இதே ரகம்தான். இவற்றை ஒப்பிடுவதற்கான கேள்வியாகக் கொடுங்கள். “நடுவில் ஒரு கண் இருக்கும் என்கிறார்கள். இவருக்கு எவ்வளவு இருக்கிறது?” விதியிலிருந்து இந்த ஆள் எங்கே விலகுகிறார் என்று கேட்டால், அவருடைய சாயலுக்குப் பாதி வழி வந்துவிட்டோம்.

9. நேரா உட்கார்ந்தா வருது. கொஞ்சம் தலைய சாய்ச்சாலோ குனிஞ்சாலோ எல்லாம் போயிடுது.

காதைப் பார்க்கச் சொல்லுங்கள். நேராக இருக்கும்போது காது ஏறத்தாழ புருவ மட்டத்திலிருந்து மூக்கடி மட்டம் வரை. குனிந்தால் காது கண்ணுக்கு மேலே ஏறும், அண்ணாந்தால் வாய்ப் பக்கம் இறங்கும். பிள்ளைகள் கண், மூக்கைக் கீழே இறக்கிவிட்டுக் காதைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

பக்கவாட்டில் சாயும்போது நடுக்கோடு சாய்கிறது. கண், மூக்கடி, வாய் ஆகியவற்றின் குறுக்குக் கோடுகளும் அதோடு சேர்ந்து சாய வேண்டும். ஆனால் கண்ணை மட்டும் கிடைமட்டமாக வைக்கும் பிடிவாதம் மூளைக்கு உண்டு. கேள்வி 6-இல் சொன்னபடி குச்சியை இரண்டு கண்ணின் வெளிமுனைகளிலும் தொடுமாறு பிடித்துச் சாய்வைப் பார்த்தால் தீர்ந்தது.

முக்கால் பக்கம் திரும்பிய முகத்தில் தூரத்துக் கண் சிறியதாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். தலையின் பின்பகுதி எவ்வளவு நீளம் என்பதுதான் மறந்துபோகும். பக்கவாட்டில் காது, தலையின் நடுவைத் தாண்டிப் பின்னால்தான் இருக்கிறது. மண்டையை வெட்டிவிட்டு முகமூடி மாதிரி வரைபவர்களிடம் மூக்குநுனிக்கும் காதுக்கும், காதுக்கும் பிடரிக்கும் உள்ள தூரத்தை அளக்கச் சொல்லுங்கள்.

10. கறுப்பா இருக்கறவங்கள வரையும்போது முகம் முழுக்கக் கரியா அப்பிடறாங்க. என்ன சொல்றது?

நம் ஊரில் இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்க வேண்டும். நாம் பார்த்துப் பழகும் பாடப் படங்களில் பெரும்பாலானவை வெளுத்த முகங்கள். அவற்றில் வெள்ளைத்தாள் அப்படியே தோலாகிவிடும், நிழலை மட்டும் போட்டால் போதும். கறுத்த முகத்தில் அந்த முறை நடக்காது. தோலுக்கே ஒரு நடுத்தர அடர்த்தி இருக்கிறது. நிழல் அதைவிட இருட்டாகப் போகும், வெளிச்சப்புள்ளி அதைவிட வெகு வெளிச்சமாக நிற்கும்.

மாடலைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விவரம் மங்கி, மூன்று நான்கு பெரிய அடர்த்திகள் மட்டும் மிஞ்சும். மிக அடர்த்தி எது? அநேகமாக முடி, மூக்குத்துளை, உதடுகள் சேரும் கோடு. மிக வெளிச்சம் எது? நெற்றி, மூக்குநுனி, கன்ன எலும்பு மேல் பளபளக்கும் இடம். இந்த இரண்டு எல்லையையும் முதலில் தாளில் குறித்துவிட்டால், தோல் இரண்டுக்கும் நடுவில் தன் இடத்தில் நிற்கும். கறுத்த தோலில் பளபளப்பின் ஓரம் கூர்மையாகத் தெரிவதால் வடிவத்தைப் படிப்பது உண்மையில் சுலபம். பழுப்புத்தாளில் கரியும் வெள்ளைச் சாக்கும் வைத்து வரையவைத்துப் பாருங்கள். தாளே தோலின் நடு அடர்த்தியாகிவிடும், அப்பும் வேலை பாதியாகக் குறையும்.

முகத்தை ஒரு பிடி வெளுப்பாக்கிக் கொடுத்தால் மாடல் சந்தோஷப்படுவார் என்று சில மாணவர்கள் நினைக்கிறார்கள். சில ஆசிரியர்களும். பார்த்ததை வரையும் வகுப்பில் அது தப்பான படம், வேறு பேச்சில்லை.

11. வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் நல்லதுன்னு படிச்சேன். எங்க வகுப்புல மே மாசம் வடக்கு ஜன்னல்ல வெயிலே அடிக்குது சார்.

அடிக்கத்தான் செய்யும். அந்த அறிவுரை ஐரோப்பாவுக்கானது. அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் திரும்புகிறது. தெற்கே போகப் போக அந்தக் காலம் இன்னும் நீளும்.

எந்தத் திசை ஜன்னலாக இருந்தாலும் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். நேர்வெயில் பரவி மென்மையாகிவிடும். அப்புறம் டியூப்லைட்டை அணைத்துவிட்டு மற்ற ஜன்னல்களைச் சாத்துங்கள். மேலேயிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் விழுந்தால் நிழல் ஒன்றையொன்று தின்றுவிடும், கேள்வி 10-இல் சொன்ன எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வகுப்பு மாலையில் என்றால் ஒரே ஒரு பல்பை மாடலின் தலைக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் வையுங்கள்.

12. பொட்டு, மூக்குத்தி, விபூதி, கண்ணாடி எல்லாம் எப்ப வரையணும்? கடைசியிலயா?

வரைந்து முடிப்பது கடைசியில், ஆனால் அளப்பதற்கு ஆரம்பத்திலேயே பயன்படுத்தலாம். மூக்குத்தி ஒரு நிலையான புள்ளி. அதிலிருந்து கண்ணின் முனை எவ்வளவு தூரம், வாயின் ஓரம் எந்தச் சாய்வு என்று பார்க்கலாம். பொட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது மூக்கின் நடுக்கோட்டில்தான் இருக்கும் என்று நினைத்துப் பிள்ளைகள் மூக்கையே அதற்கு நேராக இழுத்துவிடுவார்கள். பலருக்கும் பொட்டு ஒரு நூல் தள்ளித்தான் இருக்கும்.

விபூதிப் பட்டை ஆசிரியருக்குக் கிடைத்த பரிசு. மூன்று கோடும் நெற்றியில் எப்படி வளைந்து போகின்றன என்று பார்த்தாலே நெற்றி தட்டை இல்லை, அது பக்கவாட்டில் திரும்பிக் காதுப்பக்கம் இறங்குகிறது என்பது புரிந்துவிடும். முடிந்தால் நெற்றி நிறைய விபூதி பூசும் தாத்தா ஒருவரை மாடலாகப் பிடியுங்கள்.

பவர் கண்ணாடி போட்டவர்களிடம் ஒன்றைக் கவனிக்கவையுங்கள். கிட்டப்பார்வைக் கண்ணாடிக்குள் தெரியும் கன்னத்தின் ஓரம், வெளியே இருக்கும் ஓரத்தோடு சேராமல் உள்ளே தள்ளித் தெரியும். பிள்ளைகள் அதைத் தப்பு என்று நினைத்துச் சேர்த்துவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிறபடியே உடைந்த கோடாக விடுவதுதான் சரி. மீசையை ஒட்டவைத்த மாதிரி வரைந்தால், மேலுதட்டின் மேட்டை முதலில் வரைந்தார்களா என்று கேளுங்கள்.

13. போட்டோல கட்டம் போட்டு வரைஞ்சா அச்சு அசலா வருதே, அது தப்பா?

தப்பில்லை. சினிமா பேனரும் கட்அவுட்டும் வரைந்தவர்கள் கட்டம் போட்டுத்தான் உள்ளங்கை அளவுப் படத்தை மாடி உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். அது தனித் தொழில்திறன். ஆனால் கட்டம் போட்டுப் பழகிய பிள்ளையிடம் கட்டத்தை எடுத்துவிட்டு ஓர் ஆளை உட்காரவையுங்கள். பெரும்பாலும் கேள்வி 1-இல் சொன்ன மீன் கண்தான் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டுக் கோட்டை நகல் எடுத்தாரே தவிர, கண்ணையும் தாடையையும் அவர் ஒப்பிடவே இல்லை.

கட்டத்தை உயிருள்ள முகத்தின் முன்னாலும் வைக்கலாம். ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் அச்சிட்ட மரச்செதுக்குப் படம் ஒன்றில், உட்கார்ந்திருக்கும் மனிதரை ஒரு கண்ணாடிப் பலகை வழியாகப் பார்த்து, அந்தக் கண்ணாடியிலேயே ஓவியர் வரைகிறார். நீங்களும் பழைய போட்டோ ஃபிரேமில் நூல் கட்டி நடுவில் நிறுத்தலாம். ஓரிரண்டு வகுப்புக்குப் போதும், அப்புறம் எடுத்துவிட வேண்டும்.

போட்டோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓரடி தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்றும், ஐந்தடி தள்ளி எடுத்தால் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை என்றும் 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் போட்டோவை வைத்து வரையவேண்டி வந்தால், குறைந்தது ஐந்தடி தள்ளி நின்று, ஜூம் செய்து எடுத்த படமாக இருக்கட்டும்.

14. படத்தைத் தலைகீழா வெச்சு வரைஞ்சா நல்லா வரும்னு யூடியூப்ல சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. ஒரு படத்தைப் பார்த்து நகல் எடுக்கும்போது தலைகீழாக வைத்தால், கண், மூக்கு என்ற பெயர்கள் கொஞ்சம் மறந்துபோய் வெறும் கோடுகளாகத் தெரியும். முதல் வகுப்பில் மனப்பாடத்தை உடைக்க அது நல்ல பயிற்சி. உயிருள்ள ஆளைத் தலைகீழாக உட்காரவைக்க முடியாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்.

ஆனால் சரிபார்க்க அது உதவாது. 1980-இல் பீட்டர் தாம்சன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர், அந்நாட்டுப் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்ணையும் வாயையும் மட்டும் புரட்டிவைத்துக் காட்டினார். படம் தலைகீழாக இருக்கும்வரை யாருக்கும் பெரிதாக எதுவும் உறைக்காது. நேராக்கினால் பார்க்கவே பயங்கரமாக இருக்கும். தலைகீழ் முகத்தில் தப்புகள் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். சரிபார்க்க, கேள்வி 3-இல் சொன்ன சின்னக் கண்ணாடியை எடுத்து, படத்தையும் மாடலையும் அதில் சேர்த்துப் பாருங்கள். இடம் வலம் மாறியதும், இவ்வளவு நேரம் கண் பழகிப்போன சாய்வு சட்டென்று தெரியும். கண்ணாடியில் பார்த்துத் திருத்தும் யோசனையை லியோனார்டோ டா வின்சியே தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

15. எல்லா அளவும் பார்த்தாச்சு, எல்லாம் சரி. ஆனா ஆள் வரலையே?

சாயல் வராததற்கு நான் அதிகம் பார்த்த காரணம், மாணவர் முகத்தைத் தெரியாமலேயே “திருத்தி” வைத்திருப்பது. எல்லா முகத்திலும் ஒரு பக்கம் மறுபக்கம் போல இருக்காது. ஒரு புருவம் உயரம், வாய் ஒரு ஓரம் தாழ்வு, மூக்கு கொஞ்சம் ஒருபக்கம். ஒரு பக்கத்தை வரைந்து அதையே மறுபக்கத்துக்குத் திருப்பிப் போட்டால் அந்த ஆள் காணாமல் போய்விடுவார். இடது வலது இரண்டையும் தனித்தனி முகமாக நினைத்து அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, அளந்தது எதை என்று பாருங்கள். கண்ணின் அகலம், வாயின் அகலம் என்று உறுப்புகளைத்தான் அளந்திருப்பார். அவற்றுக்கு நடுவில் இருக்கும் இடங்களை விட்டிருப்பார்: புருவத்துக்கும் இமைக்கும் நடுவே, மூக்கடிக்கும் உதட்டுக்கும் நடுவே, கண்ணின் வெளிமுனைக்கும் முகத்தின் ஓரத்துக்கும் நடுவே. மூக்கடிக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் தவறினால் அண்ணன் தம்பியாகிவிடுவார். முகத்துக்கு வெளியே, காதுக்கும் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் அடைபடும் வெற்றிடத்தின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். வெற்றிடத்துக்கு மனப்பாடக் குறி எதுவும் இல்லாததால் அதில் பொய் குறைவு.

இதெல்லாம் பார்த்தும் வரவில்லை என்றால் படத்தைச் சுவரோரம் வைத்துப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். தூரத்திலிருந்து ஆள் தெரிகிறார், கிட்டத்தில் தெரியவில்லை என்றால் பெரிய வடிவம் சரி, விவரம்தான் தப்பு. கிட்டத்திலும் தூரத்திலும் தெரியவில்லை என்றால் கேள்வி 5-இன் முதல் படிக்கே திரும்பிப் போக வேண்டும். அந்தத் தாளை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற நினைப்பதைவிடப் புதுத்தாள் எடுப்பது சீக்கிரம் முடியும்.

16. மாடல் அசைஞ்சுகிட்டே இருக்காரு, நேரம் ஆக ஆக மூஞ்சியே மாறிடுது.

மாறும். இருபது நிமிடம் உட்கார்ந்தவரின் தோள் இறங்கும், வாய் தொங்கும், தூக்கம் கண்ணைச் சொக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்க விடுங்கள். எழுந்திருக்கும் முன் பாதத்தைச் சுற்றியும் நாற்காலிக் காலைச் சுற்றியும் சாக்பீஸால் கோடு போடுங்கள். எதிர்ச் சுவரில் அவர் பார்க்க ஒரு புள்ளி ஒட்டுங்கள். சிரித்த முகம் வேண்டாம், யாராலும் பிடித்துவைக்க முடியாது.

அவர் கொஞ்சம் மாறினால் மாணவர் படத்தை மாற்றக் கூடாது. முதல் இருபது நிமிடத்தில் போட்ட பெரிய வடிவம்தான் சட்டம். தலை அந்த நிலைக்குத் திரும்பும்போது மட்டும் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். உட்கார ஆளே கிடைக்காத நாளில் மாணவர்கள் இரண்டிரண்டு பேராக மாறி மாறி உட்காரட்டும், அல்லது கேள்வி 7-இன் கண்ணாடியில் தன்னையே வரையட்டும். துணிக்கடை பொம்மைத் தலை அளவுப் பயிற்சிக்குப் பரவாயில்லை. அது டீ கேட்காது, அசையாது.

17. பசங்க தாள்ல நான் கை வெச்சு திருத்தலாமா? திருத்தலைன்னா பெற்றோர் “மாஸ்டர் ஒண்ணுமே சொல்லித் தரலை”ங்கறாங்க.

கை வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. இந்த விஷயத்தில் என்னோடு சண்டை போடும் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் திருத்திய கண்ணைப் பார்த்துப் பெற்றோர் பூரிப்பார்கள், பிள்ளைக்கு அது எப்படி வந்தது என்றே தெரியாது. தாளின் மூலையில் சின்னதாக வரைந்து காட்டலாம், அல்லது மேலே டிரேசிங் தாள் போட்டு அதில் கோடு போடலாம்.

அதைவிட நல்லது, மாணவரின் இடத்தில் உட்கார்ந்து, அவர் கண்ணிலிருந்து மாடலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பது: “காதின் அடி எதற்கு நேராக வருகிறது?” பதிலை அவரே குச்சி பிடித்துக் கண்டுபிடிக்கட்டும். நின்றபடி மேலேயிருந்து பார்த்துத் திருத்தம் சொன்னால் உங்களுக்குத் தெரிவது வேறு முகம். இந்த ஒன்றை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள்.

18. இப்படி அளந்து அளந்து வரைஞ்சா ஓவியம் செத்துப்போயிடாதா? மாடர்ன் ஆர்ட் பண்றவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?

எழும்பூர் ஓவியக் கல்லூரியைப் பாருங்கள். ராய் சௌத்ரி 1929-இல் அங்கே பொறுப்பேற்றவர், உருவத்தை உள்ளபடி வடிப்பதில் கெட்டிக்காரர். மெரினா உழைப்பாளர் சிலை அவருடையது. அவரிடம் படித்த கே.சி.எஸ். பணிக்கர்தான் பிறகு நவீன ஓவியத்தின் பக்கம் போய், 1966-இல் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவாகக் காரணமாக இருந்தார். ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களில் கோடுகள் கிறுக்கல் போலத்தான் ஓடும். ஆனால் எது இருந்தால் காந்தி, எது இல்லாவிட்டாலும் காந்தி என்று தெரிந்த கை அது.

எல்லாரும் எப்போதும் அளந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு வகுப்பு அளவோடு, இன்னொன்று இரண்டு நிமிட வேகப்படங்கள் என்று கலந்து நடத்துங்கள். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய் வரையவைத்தால் இன்னும் நல்லது. அங்கே குச்சியை நீட்ட நேரமே இருக்காது.

19. சரி, மார்க் எப்படிப் போடறது? அழகா ஷேடிங் பண்ணினவன் மார்க் குறைஞ்சா அழுவான்.

என்ன பார்க்கப்போகிறீர்கள் என்பதை வகுப்பு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இன்று தலையின் சாய்வும் கண்மட்டமும் மட்டும் என்றால், ஷேடிங்குக்கு மார்க் கிடையாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். மாடல் எழுந்திருக்கும் முன்பே ஒவ்வொரு மாணவரின் இடத்திலிருந்தும் அவர் கண்ணிருந்த உயரத்தில் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பிறகு படத்தையும் போட்டோவையும் பக்கத்தில் வைத்து, தன் படத்தில் பெரிய தப்புகள் மூன்றை மாணவரே எழுதட்டும். போட்டோ விஷயத்தில் கேள்வி 13-இன் எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

தப்பைச் சரியாகக் கண்டுபிடித்தவருக்கு, படம் சுமாராக இருந்தாலும், நான் நல்ல மார்க் போடுவேன். ஷேடிங் பையன் முதல் மாதம் அழுவான். அவன் படத்தை மாட்டிவைக்க வகுப்பில் ஒரு சுவரை ஒதுக்கிவிடுங்கள்.